நடுக்க மாப்பிள்ளையின் எதிர்ப்பாட்டு

தம்பி, அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. இழுத்து இழுத்துச் சொல்லியிருப்பார், நீயும் கண்டுபிடித்திருப்பாய். கோயில் மேட்டில் ஏறி நின்று பேசினால் இந்தத் தோட்டத்தில் சிக்னலுக்கு என்ன குறைச்சல்? கோபம் வந்தது, வைத்துவிட்டேன். அதன் பிறகு நாங்கள் வலப்பனைக்குப் போய்வந்தோம். பெண் வீட்டில் சம்மதம் என்று அப்பா ஒரு வரி அனுப்பினார், நீயும் கைகூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் சம்மதம் எப்படி வந்தது என்பதை நான் எழுதும்வரை வாய் திறக்கக்கூடாது என்று உன் மாமியாராகப் போகிற புஷ்பத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்பாய். கடிதம் அப்படியில்லை. ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு, உட்கார்ந்து படி.

முதலில் இந்தப் பாட்டு ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயதான காலத்தில் அம்மாவுக்கு வந்த ஆசை என்று நீ நினைக்கலாம். ஆசைதான், அதிலென்ன வெட்கம்? பொகவந்தலாவைப் பக்கம் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று எது நடந்தாலும் நாங்கள் மூன்று பெண்கள் பாடப் போவோம். பாட்டுக் கட்டுவது நான், பாடுவது மூவரும். இப்போது ஒருத்தி மகளோடு கொழும்பில் இருக்கிறாள். இன்னொருத்திக்குக் காது மந்தமாகிவிட்டது, நான் ஒரு பக்கம் பாடினால் அவள் ஒரு பக்கம் போகிறாள். அதனால் ஹட்டனில் துணிக்கடைக்கு மேலே ஸ்டூடியோ வைத்திருக்கிற ராஜன் வீட்டுக்கே வந்து, "நீங்க கட்டுன பழைய பாட்டெல்லாம் தனியாவே பாடித் தாங்கம்மா, ஆல்பமா போடுவோம்" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. இப்போது இருக்கிற குரலில்தான் பாடுவேன், மெஷினைத் திருகி என்னைக் குமரியாக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பழைய பாட்டைத் திரும்பப் பாடுவது லேசு என்றுதான் போனேன். காதில் எதையோ மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு "பாடுங்கம்மா" என்கிறார் ராஜன். கைதட்ட ஆளில்லை, பின்பாட்டு இல்லை, குறுக்கே ஓடுகிற பிள்ளைகள் இல்லை. என் குரல் எனக்கே யாரோ வீட்டுப் பெண்ணின் குரல் மாதிரி கேட்டது. முன்பு எட்டின சுருதி இப்போது எட்டவில்லை. சரி, இறக்கிப் பாடுவோம் என்று இறக்கினேன். வேகமும் தானாகக் குறைந்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வேகமாகப் பாடும்போது நானே கவனிக்காமல் விட்ட வார்த்தைகளெல்லாம் மெதுவாகப் பாடும்போது ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தபோது, தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போன தாய்மார் திரும்பும்வரை பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கட்டின பாட்டைப் பாடும்போது எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. உன்னைப் பற்றின பாட்டையும் பாடிவிட்டேன். பால்மா டின்னைத் திறந்து திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, வெள்ளை மீசையோடு நின்றுகொண்டு "நான் இல்ல" என்றாயே, அந்தப் பாட்டு. அதை ஊருக்கே போட்டுக் காட்டுவதற்கு நீ ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. உன் மாமனாராகப் போகிறவரைப் பற்றின பாட்டுக்கு மட்டும் துடித்துப்போய்க் கொழும்பிலிருந்து போன் எடுக்கிறாய்.

அந்தப் பாட்டு பிறந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். புஷ்பமும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அவளுக்கு வலப்பனையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மணி என்று பெயர், டவுனில் மரக்கறிக் கடை. தை மாதம், விடியற்காலை முகூர்த்தம், நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். தை மாதத்தில் இங்கே பனி எப்படிக் கொட்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலப்பனை வெயில் ஊர். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருக்கிறார். பல் அடித்துக்கொள்கிற சத்தம் பெண்ணுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கே கேட்டது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். வாங்கின கை நடுங்குகிறது, நடுங்குகிறது, முடிச்சு விழவே இல்லை. கெட்டிமேளம் அடித்தவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் என்பதுதானே வழக்கம். அவருடைய அக்கா பார்த்துப் பார்த்துப் பொறுமை போய், "விடுடா" என்று தம்பியின் கையிலிருந்து வாங்கி மூன்றையும் தானே போட்டுவிட்டார்.

எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்! நலங்கு வைக்கும்போது ஏசல் பாடுவது நம் வழக்கம். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து பாடுவோம், அவர்கள் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடி எங்களை வாரி விடுவார்கள். இரண்டு பக்கமும் சிரித்து முடித்துவிட்டுத்தான் பந்திக்குப் போவது. அன்றைக்கு நான் நின்ற நிலையிலேயே கட்டினேன்:

வலப்பன வெயிலுல வளந்த மாப்புள்ள
வந்ததும் பனியில வெறச்சாரு
தாலிய எடுத்துக் கையில குடுத்தா
தந்தி அடிக்குது பல்லு வரிச
மூணு முடிச்சையும் அக்கா போட்டா
பொண்டாட்டி யாருக்கு மாப்புள்ளே?

சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. ஐயரே வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அக்கா சளைத்தவரில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப்பாட்டுக்கு எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, அவர்களை ஏற்றி வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்தத் தொடங்கினார். மூடுபனி இறங்கினால் வளைவுகளில் ஓட்ட முடியாது, இப்போதே ஏறினால் ஏறுங்கள், இல்லையென்றால் நாளைக்குத்தான் என்று சத்தம். சாப்பாட்டைக்கூடப் பார்சல் கட்டிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள், புஷ்பம் அழுத அழுகையில் பாட்டு யாருக்கும் ஞாபகமில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று இந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம். அந்தப் பாட்டு லயத்து வீடுகளுக்கெல்லாம் போய், தோட்டத்துக்குத் தோட்டம் போய், அவருக்கு நடுக்க மாப்பிள்ளை என்று பேரே வைத்துவிட்டது. என்னையும் பாட்டுக்காரி ஆக்கியது அதுதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "நடுக்க மாப்பிள்ளைய பாடுங்க" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

இப்படியிருக்க, நீ கொழும்பில் வேலை செய்யப் போன இடத்தில் தர்ஷினி என்று ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாய். ஊர் வலப்பனை என்றாய். நான் சந்தோசமாக, அப்பா பேர் என்ன என்று கேட்டேன். மணி, டவுனில் மரக்கறிக் கடை என்றாய். அதற்குமேல் நடந்தது உனக்கே தெரியும். "அந்தப் பாட்டுக்காரி வீட்லயா பொண்ணு குடுக்கிறது?" என்று அவர் கேட்டாராம். பிறகுதான் உன் போன். "அம்மா, அந்த ஒரு பாட்ட மட்டும் விட்டுடுங்களேன். ஆல்பத்துல அதும் வந்துச்சுன்னா அவரு சம்மதிக்கவே மாட்டாரு." ஒரு பாட்டு மட்டும் என்கிறாய். அந்தப் பாட்டு இல்லாமல் என் ஆல்பம் எதற்கு? போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் சத்தம் போட வைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாட்டு பெருசா, புள்ள பெருசா?" என்று கேட்டார். "ரெண்டையும் பெத்தது நான்தான், நீங்க சும்மா இருங்க" என்றேன். அவர் எழுந்து ஆட்டுக்குக் குழை போடப் போய்விட்டார்.

உனக்காக ஒரு முயற்சி செய்து பார்த்தேன் என்பதையும் தெரிந்துகொள். வலப்பனையை எடுத்துவிட்டு வேறொரு ஊரைப் போட்டுப் பாடினேன். ராஜன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, உப்பில்லாம இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சரி, உள்ளது உள்ளபடியே ஒரு தரம் பாடுவோம் என்று பழைய வார்த்தைகளையே, இறங்கின சுருதியில், மெதுவாகப் பாடினேன். தம்பி, அந்தப் பாட்டை எத்தனை தடவை பாடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் கையை முதல்முறையாகப் பார்த்தேன். தெரியாத ஊர், தெரியாத முகங்கள், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், ஒரு பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் நீட்டின கை. உன் வயதுகூட இருக்காது அப்போது அவருக்கு. காதில் மாட்டினதைக் கழற்றி வைத்தேன். "இத இப்படியே வைங்க, ஆனா சேக்க வேணாம். நான் வலப்பனைக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்" என்று ராஜனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு லீவு கிடைக்கும்வரை காத்திருந்தால் காரியம் ஆகாது என்று அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம். ஹட்டன், நுவரெலியா என்று பஸ் மாறி மாறிப் போகும்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பாட்டு ஆல்பத்தில் வராது. அதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன். வலப்பனையில் இறங்கியபோது வெயில் சுரீர் என்று இருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. புஷ்பம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மணி அண்ணன் "வாங்க, உக்காருங்க" என்றதோடு சரி. தலை நரைத்திருக்கிறது, தொப்பை போட்டிருக்கிறது. தேத்தண்ணி வந்தது, முறுக்கு வந்தது, பேச்சு வரவில்லை. அப்பா மழையைப் பற்றிக் கேட்டார், மரக்கறி விலையைப் பற்றிக் கேட்டார்.

கடைசியில் மணி அண்ணனே என்னைப் பார்த்தார். "பாட்டு ரெக்கார்ட் பண்றீங்களாம்?"

"ஆமாண்ணே."

"எல்லாப் பாட்டுமா?"

"அது ஒங்க கையிலதாண்ணே இருக்கு."

"என் கையப் பத்தி நீங்க பேசுறீங்களா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. புஷ்பம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள், அவளுடைய தோள் சிரிப்பில் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"நான் பொண்ண கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து சேந்த மறுவாரமே ஒங்க பாட்டும் வந்து சேந்துருச்சு" என்றார். "தராசுல கெழங்கு நிறுத்தா, 'பாத்து மணி, கை நடுங்கப் போவுது'ன்னு தமிழ்லயும் கேட்டாங்க, சிங்களத்துலயும் கேட்டாங்க. சரி, அத விடுங்க. கேலி பண்ணதுக்கு எனக்கு கோவம் இல்ல. கல்யாணம்னா கேலி இருக்கத்தான் செய்யும். எங்க பாட்ட கேக்காமலே நாங்க ஜெயிச்சுட்டோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான்."

"பஸ்காரன் ஹாரன் அடிச்சா நாங்க என்னண்ணே செய்றது?"

"ஒரு எட்டு இங்க வந்து கேட்டிருக்கலாம்ல? புஷ்பத்த பாக்கவாவது வந்திருக்கலாம்ல?"

கோப்பையைக் கீழே வைத்தேன். "இப்ப வந்துருக்கேன். பாடுங்கண்ணே" என்றேன்.

பாடமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து கடைப் பக்கத்துக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். குரல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் தாளம் பிசகவில்லை:

புருசன் கோட்ட மாட்டிக்கிட்டு
பொழுது விடிய வந்தவளே
கைய ரெண்டும் கோட்டுக்குள்ள
கேலி மட்டும் வெளியிலயா?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் தம்பி, அன்றைக்கு எனக்கும் குளிர் தாங்கவில்லை. கல்யாணப் புடவைக்கு மேலே அப்பாவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் பைக்குள் விட்டுக்கொண்டுதான் அந்த மனுசனின் நடுக்கத்தைப் பாடினேன். சுத்தமாக மறந்தே போயிருந்தேன். அப்பா தொடையில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். "அந்தக் கோட்ட கழட்டிக் குடுத்துட்டு நான்தான் கோயிலுக்கு வெளிய வெறைச்சுப் போய் நின்னேன், அதையும் பாட்டுல சேத்துக்கங்க சம்மந்தி" என்கிறார். சம்மந்தி என்ற வார்த்தை அந்த வீட்டில் முதலில் அப்பா வாயிலிருந்துதான் வந்தது, கவனித்துக்கொள். நான் சிரித்து முடிப்பதற்குள் மணி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னும் முடியல" என்றார். தாளத்தைக் குறைத்தார்.

பனிக்கு நடுங்கல பாட்டுக்காரி
பயத்துல நடுங்கல பாட்டுக்காரி
பக்கத்துல திரும்பிப் பாத்தேன் அந்தப்
பவுனு மொகத்துக்கு நடுங்கிப்போனேன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. புஷ்பம் வெளியே வந்தாள். கையில் முறுக்குத் தட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். "இத எப்ப கட்டுனீங்க?" என்று கேட்டாள். "அன்னைக்கு கார்ல வரும்போது" என்றார். "நீ ஒங்க அம்மாவ நெனச்சு அழுதுக்கிட்டு வந்த. அக்காவுக்கு சொல்லிக் குடுத்து, மறுவீட்டுக்கு போறப்ப பாட வைக்கலாம்னு மனசுக்குள்ளயே கட்டுனேன். மறுவீட்டுக்குப் போனா அங்க சின்னப் புள்ளைகளெல்லாம் என்னைப் பாத்து பல்லக் கடிச்சுக் காட்டுதுக. விட்டுட்டேன்." "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல இத்தன வருசத்துல?" என்று கேட்டபோது அவளுடைய குரல் உடைந்துவிட்டது. அவர் தக்காளிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அது பேச்சு இல்லயே புஷ்பம், பாட்டு. சும்மா எப்படி சொல்றது?" என்றார். புஷ்பம் தட்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். போய் நன்றாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, கோழிக்கறி வைத்தாள். கல்யாணப் பேச்சு அதன்பிறகு கறிக்கு உப்புப் பார்க்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. ஆவணியில் நாள் பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

கிளம்பும்போது கேட்டேன். "அண்ணே, என் பாட்ட ஆல்பத்துல போடவா?" "எம் பாட்டும் வந்தா போடுங்க" என்றார். ஹட்டனுக்கு வந்து நீங்களே பாடுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "மைக் முன்னுக்கு நின்னா கை நடுங்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதற்கு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து இதுவரை பார்த்ததில்லை என்று புஷ்பம் பிறகு போனில் சொன்னாள். அதனால் போன வாரம் ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டையும் நானே பாடிவிட்டேன். முதலில் என் பாட்டு, பழைய வேகத்திலேயே, மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று. பிறகு நிறுத்தாமல் அவருடைய பாட்டு, மெதுவாக. என்னை நானே கோட்டுக்காரி என்று திட்டிக்கொண்டு பாடுவது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? கடைசி வரி முடிந்ததும் ராஜன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தவே மறந்துவிட்டார். "இன்னொருக்கா பாடவா?" என்று கேட்டேன். "வேணாம்மா, இது போதும்" என்றார். ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்குக் கீழே கட்டியவர்கள் என்று இரண்டு பேரும் வரும். இரண்டாவது பேர் வலப்பனை மணி.

உனக்குப் புத்தி சொல்ல நான் பெரிய ஆளில்லை. ஆனாலும் அம்மா என்கிற முறையில் சொல்கிறேன். வீட்டில் எதையும் ஒரு பக்கப் பாட்டாக விட்டுவிடாதே. தர்ஷினி ஏதாவது சொன்னால் நீயும் சொல், நீ ஏதாவது சொன்னால் அவள் சொல்லி முடிக்கும்வரை ஆபீசுக்குப் புறப்படாதே. இந்தப் போனை வைக்கிற வேலை என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது, அதை மட்டும் அவளிடம் காட்டாதே. அப்புறம், அவளைப் பார்த்து மனதுக்குள் எதையாவது கட்டி வைத்திருந்தால் அன்றன்றைக்கே சொல்லிவிடு. தக்காளிப் பெட்டியெல்லாம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. மணி அண்ணனின் அக்கா இன்னும் திடமாகத்தான் இருக்கிறாராம். அன்றைக்குப் பாடாமல் விட்டதற்கும் சேர்த்து, உன் கல்யாணத்தில் பாட இப்போதிருந்தே தொண்டையைச் சரி பண்ணுகிறாராம். பால்மா கதையைப் புஷ்பம் அவரிடம் சொல்லிவிட்டாள். புஷ்பத்துக்குச் சொன்னது யாரென்று என்னிடம் கேட்காதே. உன்னை நன்றாக வாரப்போகிறார்கள், எழுந்து ஓடாமல் உட்கார்ந்து கேள். உனக்காக எதிர்ப்பாட்டு நான் கட்டித் தரமாட்டேன், நீயே கட்டு. பஸ்காரரிடம் அப்பா இப்போதே பேசிவிட்டார், எதிர்ப்பாட்டு முடியும்வரை ஹாரனில் கை வைக்கக் கூடாது என்று. முகூர்த்தம் இந்த முறையும் விடியற்காலைதான், நம் கோயிலில்தான், ஆவணியானால் மழைக் குளிர் இருக்கும். உனக்கு உள்ளே போட்டுக்கொள்ளப் பனியன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் மீறிக் கை நடுங்கினால் நடுங்கட்டும், தம்பி. அவசரப்படாதே, உன் மாமனார் மாதிரித் தாலியை அடுத்தவர் கையில் கொடுத்துவிடாதே. தர்ஷினி முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டு. எவ்வளவு நேரமானாலும் நாங்கள் காத்திருக்கிறோம்.